கவுண்டர் அக்காவின் ஐம்பது மீட்டர்

பத்தொன்பது வருஷமாக நீச்சல் குளத்தில் வேலை. ஆனால் அந்தத் தண்ணீரில் கவுண்டர் அக்கா கால் கட்டைவிரலைக்கூட நனைத்ததில்லை. வாசலை ஒட்டிய டிக்கெட் கவுண்டர், அந்தக் கண்ணாடி அறைதான் அவள் ராஜ்ஜியம். முன்பக்கக் கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியே டிக்கெட்டையும் கையில் மாட்டும் ரப்பர் பட்டையையும் நீட்டுவாள். பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் ஐம்பது மீட்டருக்கு நீளமாக, நீலமாகத் தண்ணீர். மணிக்கு ஒரு பேட்ச். முதல் பேட்ச்சுக்கு சிவப்புப் பட்டை, அடுத்ததற்கு மஞ்சள், பிறகு நீலம், பிறகு வெள்ளை, மறுபடியும் சிவப்பு. நேரம் முடிந்ததும் சுவரில் இருக்கும் பொத்தானை அமுக்குவாள். மணி அலறும். உடனே மைக்கைப் பிடிப்பாள்.

"மஞ்சள் பட்டை எல்லாரும் மேல வாங்க! மஞ்சள் பட்டை, மேல வாங்க!"

அந்தக் குரலுக்குக் குளமே கட்டுப்படும். மேனேஜர் சொன்னால் நகராதவர்கள்கூட அக்கா சொன்னால் சொட்டச் சொட்ட ஏறிவிடுவார்கள்.

வாயால் நீந்துவதில் அவளை மிஞ்ச ஆளே கிடையாது. கோச்சுகள் கத்துவதைப் பத்தொன்பது வருஷம் கேட்டவள் அல்லவா? பட்டை வாங்க வருகிறவர்களிடம், "முட்டியை மடக்காதே, இடுப்பிலிருந்து உதைக்கணும்" என்று வகுப்பே எடுப்பாள். யாராவது ஆர்வமாக, "நீங்க எத்தனை வருஷமா நீந்துறீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டால், அவர்கள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க!" என்று வரிசையைக் கூப்பிட்டுவிடுவாள்.

அவளிடம் ஆசைகளுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சமெல்லாம் வெள்ளிக்கிழமைகளுக்குத்தான். எந்தத் திட்டமானாலும் திங்கட்கிழமை தடபுடலாகத் தொடங்கும், வெள்ளிக்கிழமைக்குள் மூச்சு அடங்கிவிடும். தையல் மெஷின் வாங்கினாள். ஒரு கை மட்டும் வைத்த சட்டை ஒன்று பிறந்தது, இன்னொரு கை வரவே இல்லை. மெஷின் மேல் இப்போது டிவி உட்கார்ந்திருக்கிறது. காலை நடைக்கென்று வாங்கிய ஷூவுக்குள் வீட்டின் உபரிச் சாவி தூங்குகிறது. டைரி எழுத ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்தில் "இன்று" என்ற ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது, அதற்குப் பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஒற்றைக் கை சட்டையால்தான் தன் ஸ்பேனர்களைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "என்ன திங்கட்கிழமை, டீ ரெடியா?" என்பார். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "பேர் வைக்கறதுன்னா ஒரு மோதிரம் போட்டு வைக்கணும், சும்மா வைக்கக் கூடாது" என்று திருப்பிக் கொடுப்பாள்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்.

மகளுக்கு இருபத்தொரு வயசு. ஆனாலும் வீட்டில் பாப்பாதான். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். அன்று காலை ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல, "அந்தப் பரீட்சையை நான் திரும்ப எழுதப் போறதில்லை. விட்டுட்டேன்" என்றாள்.

அப்பாவுக்கு மூக்கு சிவந்தது. "என்னது, விட்டுட்டியா? மூணு வருஷம் படிச்சுட்டு ஒரு பாடத்துக்காகவா?"

பாப்பா சிரித்தாள். கடுப்போ கண்ணீரோ ஒன்றும் இல்லாத சாதாரணச் சிரிப்பு. "நான் அம்மா பொண்ணுப்பா. எங்க பரம்பரையிலேயே முடிக்கிற பழக்கம் கிடையாது."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள், மூன்றாவது தடவையும் கழுவினாள். தன்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளை மூக்கு, நெற்றி, காது மடல் மாதிரி, இதையும் அம்மாவிடமிருந்து வந்த சொத்து என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டுவிட்டாளே! தன் வாயிலிருந்து புத்திமதி எதுவும் எடுபடாது என்று அக்காவுக்குத் தெரியும். எந்த முகத்தோடு சொல்வாள்? டிவியைச் சுமந்து நிற்கும் தையல் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறதே.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஒரு நோட்டீஸைக் கொடுத்துக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். மராமத்து வேலைக்காக நீச்சல் குளம் எட்டு மாதம் மூடப்படும். தேதி போட்டிருந்தது. இன்னும் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வாரம். அக்கா நாலு மூலைக்கும் டேப் ஒட்டினாள். பிறகு நோட்டீஸைத் தாண்டி, பின்பக்கக் கண்ணாடி வழியே அந்த நீளமான நீலத்தைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஐம்பது மீட்டர். மூடுவதற்கு முன்னால்.

குளத்தின் உயிர்காப்பாளனை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் எப்போதும் அது தொங்கிக்கொண்டிருக்கும். ஏழு வருஷமாக வேலை பார்க்கிறான், ஒருத்தரையும் காப்பாற்ற வாய்ப்பு கிடைக்கவில்லை என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு மனக்குறை. அன்று மதிய இடைவேளையில் அக்கா அவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, நீச்சல் கத்துக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தான். "திங்கட்கிழமையிலிருந்தா அக்கா?"

"திங்கட்கிழமை குளம் லீவு. நாளைக்கு."

"தண்ணியில இறங்கணும், தெரியும்ல?"

"ஏன், மேல நின்னே கத்துக்க முடியாதா?"

"அதைத்தானே பத்தொன்பது வருஷமா பண்றீங்க!"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு விஷயம். யார்கிட்டயும் மூச்சு விடாதே. முக்கியமா எங்க வீட்டுக்காரர்கிட்ட."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய ஒவ்வொரு திட்டத்தையும் அவள் ஊர் முழுக்கச் சொல்லித்தான் தொடங்குவாள். சொல்லும்போதே பாதி செய்து முடித்த சந்தோஷம் வந்துவிடும். மிச்சப் பாதியைச் செய்ய யாருக்கு மனசு வரும்? இந்தத் தடவை அந்தச் சந்தோஷத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் புதன்கிழமை. அவள் வாழ்க்கையிலேயே புதன்கிழமை தொடங்கிய முதல் காரியம்! தொலைந்த பொருள்கள் பெட்டியிலிருந்து ஒரு நீச்சல் கண்ணாடியும், முன்பக்கம் சுறாமீன் பல் வரைந்த ஒரு தொப்பியும் எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக யாரும் தேடி வராத தொப்பி. ஆழம் குறைந்த பக்கத்தில் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், "ஐயோ, இவ்வளவு குளிருமா? இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லவே இல்லையே!" என்று கத்தினாள்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே இரண்டு நாள் ஆனது. வைத்த முதல் தடவை மூன்று நொடி. விசில் கடிகாரத்தைக் காட்டி, "மூணு செகண்ட் அக்கா!" என்றான். "அவ்வளவுதானா? நான் ரெண்டு வருஷம் உள்ள இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் அக்கா.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. அது வரும் என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே தொண்டை கரகரத்தது. மூட்டு ஒரு மாதிரி இருந்தது. வானம் மூடியிருந்தது. ஒரு நாள் விட்டால் என்ன, அடுத்த வாரம் புதிதாக, சுத்தமாக... அந்த இனிக்கும் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். தையல் மெஷினுக்கும் ஷூவுக்கும் டைரிக்கும் வழியனுப்பு விழா நடத்திய அதே குரல். எதிர்த்து வாதாடினால் ஜெயிக்க முடியாது என்றும் தெரியும். அதனால் அவள் வாதாடவில்லை. மகள் எழுவதற்கு முன்னால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீச்சல் உடையைப் போட்டாள், அதற்கு மேலேயே வேலைக்குப் போகும் சட்டையையும் பேண்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! மதியம் ஆனதும் அந்த உடையோடு அவளுக்கு இரண்டே வழி. ஒன்று தண்ணீருக்குள் இறங்கலாம். இல்லையென்றால் ஒரு சிறிய அறையில் ஒற்றைக் காலில் நின்று, உடம்போடு ஒட்டிக்கொண்ட அந்தச் சனியனை உரித்து எடுத்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அதை நினைத்தாலே சோம்பலாக இருந்தது. நீந்துவதே மேல்! வாழ்நாள் முழுக்க அவளைக் கவிழ்த்த சோம்பலையே பிடித்து வண்டியில் பூட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் வியர்த்துக் கொட்டும். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

வீட்டில் தலை ஈரத்துக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. "ஆபீஸ்ல பைப் ஒழுகுது" என்றாள் முதலில். அடுத்த வாரம், "இன்னும் ஒழுகுதா? நான் வந்து பாக்கட்டுமா?" என்று கணவர் ஸ்பேனரை எடுத்தார். "வேணாம் வேணாம், ஆள் வரச் சொல்லியிருக்கு." மூன்றாவது வாரம், "அந்த ஆள் பைப்பை ரிப்பேர் பண்றானா, இல்லை வளர்க்கிறானா?" என்று கேட்டார். அக்கா அதற்குப் பிறகு தலையில் துண்டு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

கை வந்தது, கால் வந்தது. மூச்சுதான் வரவில்லை. தண்ணீருக்குள் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு கை போடுவதற்குள் தக்காளி மாதிரி சிவந்து நின்றுவிடுவாள். ஒரு நாள் மதிய பேட்ச்சுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட பல் டாக்டர் அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் நாலு நாள் வந்து மீன் மாதிரி நீந்திவிட்டுப் போகிறவர்.

"என் தொழில்ல யார்கிட்டயும் வாயை மூடுங்கன்னு சொன்னதே இல்லைம்மா. உங்ககிட்டதான் முதல் தடவை சொல்றேன்" என்றார். "தண்ணிக்குள்ள வாயை மூடிக்கிட்டே ஏதாவது முனகுங்க. காத்து தானா வெளிய போயிடும். அப்புறம் தலையைத் திருப்பினா உள்ள வர வேண்டியது தானா வரும்."

"என்ன முனகுறது டாக்டர்?"

"பாட்டு, பேரு, எது வேணும்னாலும். வாய்க்குப் பழகினதா இருக்கட்டும்."

வாய்க்குப் பழகியது என்றால் அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான். தலையை உள்ளே விட்டாள். குமிழி குமிழியாக வெளியே வந்தது: "மஞ்சள் பட்டை எல்லாரும் மேல வாங்க." சரியாக ஒரு மூச்சு அளவு! தலையைத் திருப்பிக் காற்றை வாங்கிக்கொண்டாள். மறுபடி உள்ளே, "மஞ்சள் பட்டை எல்லாரும் மேல வாங்க." அன்று பதினைந்து மீட்டர் போனாள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சுறாமீன் தொப்பிக்குக் கீழே கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மருந்துத் தண்ணீர் என்று விசிலிடம் சொன்னாள். அவனும் நம்பின மாதிரி காட்டிக்கொண்டான்.

இருபது ஆனது. இருபத்தைந்து ஆனது. ஆழம் ஆரம்பிக்கும் இடத்தில் தரையின் ஓடுகள் கறுப்பாக மாறும். அதைத் தாண்ட இரண்டு வாரம் பிடித்தது. அடியில் தரை காணாமல் போகிறதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவாள். ஆனால் மறுநாள் மதியம் மறுபடியும் உடை உடம்பில் இருக்குமே, என்ன செய்வது?

பன்னிரண்டாவது வாரத்து வியாழக்கிழமை. விசிலே சொன்னான், "அக்கா, இன்னிக்கு முழுசாப் போயிடலாம். நான் கூடவே ஓரத்துல நடந்து வரேன்." இடைவேளை முடிய மூன்று நிமிஷம் இருந்தது. அக்கா சுவரை உதைத்துக் கிளம்பினாள். மஞ்சள் பட்டை எல்லாரும் மேல வாங்க. மூச்சு. மஞ்சள் பட்டை எல்லாரும் மேல வாங்க. மூச்சு. கறுப்பு ஓடுகள் வந்தன, போயின. அவள் திரும்பவில்லை. முப்பது. முப்பத்தைந்து.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கவுண்டர் பக்கம் வந்தார். நாற்காலி காலி. வெளியே வரிசை நிற்கிறது. அடுத்த பேட்ச்சுக்கு நேரமும் ஆகிவிட்டது. நல்ல மனுஷன், அக்காவுக்கு உதவி செய்வதாக நினைத்துப் பொத்தானை அமுக்கினார்.

மணி அலறியது.

பத்தொன்பது வருஷப் பழக்கம்! முப்பத்தெட்டாவது மீட்டரில், பத்தடி ஆழத்துக்கு மேலே, அக்கா நீந்துவதை நிறுத்தினாள். தலையைத் தூக்கினாள். வலது கையை உயர்த்தினாள். முழு அதிகாரத்தோடு, "மஞ்சள் பட்டை எல்லாரும் மேல..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைத் தண்ணீர் குடித்துவிட்டது.

விசில் பாய்ந்தான். ஏழு வருஷத்தில் முதல் பாய்ச்சல்! இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு, அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு, "காப்பாத்திட்டேன்! அக்கா, உங்களைக் காப்பாத்திட்டேன்!" என்று ஆனந்தத்தில் கத்தினான். அக்கா இருமினாள், துப்பினாள், பிறகு கேட்டாள், "எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

கண்ணாடிக்கு வெளியே மொத்த வரிசையும் இதைப் பார்த்துவிட்டது. வரிசையில் பல் டாக்டரும் இருந்தார். அவர் கிளினிக் இருக்கும் கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? அக்காவின் வீட்டுக்காரரேதான். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது, அவர் சிரித்துச் சிரித்துச் சோபாவில் உருண்டுகொண்டிருந்தார்.

"வா வா, மஞ்சள் பட்டை! பைப் ஒழுகுதுன்னு சொன்னியே, அது இவ்வளவு பெரிய பைப்பா?"

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நிஜமாவே நீ நீந்துறியா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"பதினோரு வாரமா."

கணவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு வாரம் என்றால் எத்தனை வெள்ளிக்கிழமை என்று அவர் விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது.

பாப்பா எழுந்து வந்து, ஈரத் துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்து அம்மாவின் முடியைத் துவட்டிவிட்டாள். அன்பாகத்தான் சொன்னாள். "முப்பத்தெட்டே பெரிய விஷயம்மா. இந்த வயசுல யார் செய்வா? போதும், விடு. இதுக்கு மேல உயிரை வாங்கிக்காதே."

போதும், விடு. அந்தப் பிள்ளை தனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை அதுதானே! எவ்வளவு இதமாக வருகிறது அவள் வாயில்! இந்த முப்பத்தெட்டில் அக்கா நின்றுவிட்டால், பாப்பாவின் பரம்பரைக் கணக்கில் இன்னொரு சாட்சி சேர்ந்துவிடும், அதுவும் கைதட்டலோடு. "ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்" என்றாள் அக்கா. "அன்னிக்கு மிச்சத்தை முடிச்சுடுவேன்."

"சரி, பாப்பா கூட வரட்டும்" என்றார் கணவர். "நீ வந்து சொன்னா நான் நம்ப மாட்டேன். எனக்கு சாட்சி வேணும்."

அந்த ஞாயிறு காலை பேட்ச்சுகளோடு குளம் மூடியது. மதியம் அக்காவும் பாப்பாவும் உள்ளே போனபோது, விசில் ஓரத்தில் நின்று ஒரு மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வர வேண்டிய ஆட்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து வடிகாலைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஒரு சாண் இறங்கி, ஓரத்து ஓடுகளில் ஈரக்கோடு தெரிந்தது.

"வடியும்போது யாரும் இறங்கக் கூடாது. அது ரூல்" என்றான் விசில், அழாத குறையாக. "மூடச் சொன்னா கேக்க மாட்டேங்கிறார் அக்கா."

அக்கா மேஸ்திரியிடம் போனாள். வெளிச்சட்டைக்குக் கீழே நீச்சல் உடை கசகசத்தது. "அண்ணே, உங்க ஆளுங்க டீ குடிச்சாச்சா?"

"இல்லை, ஏம்மா?"

"வாசல்ல நல்ல டீ கிடைக்கும். வடிகாலை மூடிட்டுப் போய்க் குடிச்சுட்டு வாங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சுடுவேன்."

மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். சுறாமீன் தொப்பியையும் பார்த்தார். "ஒரு டீ நேரம்தான்" என்று வால்வைத் திருகி மூடினார்.

அக்கா இறங்கினாள். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தோடு நடந்தாள். முதல் பாதி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பு ஓடு. முப்பது. முப்பத்தெட்டைத் தாண்டியதும் அவளுக்கே தெரிந்தது, இதுவரை வராத இடம் இது. நெஞ்சு அடித்துக்கொண்டது. முனகல் குழறியது. நாற்பத்திரண்டிலோ மூன்றிலோ ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது. கை தானாக நீண்டு, பக்கத்தில் மிதந்த எல்லைக் கயிற்றை ஒரு கணம் பற்றியது. ஒரே ஒரு கணம்தான். விட்டுவிட்டு நீந்தினாள். சுவரைத் தொட்டாள்.

"ஐம்பது!" என்று விசில் குதித்தான். பாப்பா கையைத் தட்டித் தட்டி, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். அந்தக் காலியான கட்டடம் முழுக்க அது எதிரொலித்தது. அடடா, எப்பேர்ப்பட்ட சத்தம்! அக்காவுக்கு அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டு மூச்சு நேரம் வாங்கியும் வைத்துக்கொண்டாள். பிறகு, "கயித்தைப் பிடிச்சுட்டேன்" என்றாள்.

"என்னக்கா?"

"நாப்பத்திரண்டுல. கயித்தைப் பிடிச்சேன். இது செல்லாது."

"நான் பாக்கலையே!" என்றான் விசில்.

"நானும் பாக்கலைம்மா. ஒரு செகண்ட் பிடிச்சிருப்பே. யாருக்கும்மா தெரியப் போகுது?" என்றாள் பாப்பா.

"எனக்குத் தெரியுதே, பாப்பா" என்றாள் அக்கா. ஓரத்தைப் பிடித்துப் பிடித்து, படி இருக்கும் பக்கம் போய் ஏறி, ஈரக்காலோடு திரும்பவும் ஆரம்பக் கோடிக்கு நடந்தாள். மேஸ்திரியும் மூன்று ஆட்களும் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்லை அண்ணே. இன்னொரு டீ குடிக்க முடியுமா?"

"இன்னொன்னா? வயிறு என்னத்துக்கு ஆகும்?" மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையில் நீண்டு வந்த ஈரக்கால் தடத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையில் இருந்த வால்வு திருகும் சாவியைக் கீழே வைத்துவிட்டு ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆட்களும் உட்கார்ந்தார்கள்.

இந்தத் தடவை வெண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் மீட்டரிலிருந்தே கை கனத்தது. இருபதில் தோள் எரிந்தது. பாப்பா இப்போது கத்தவில்லை. அம்மாவின் தலைக்குச் சரியாக, அவள் வேகத்துக்கே, சத்தமில்லாமல் ஓரத்தில் நடந்தாள். அக்கா மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் இரண்டு வெறுங்கால் தெரிந்தது. திரும்பினால் கால், திரும்பினால் கால். நாற்பத்திரண்டில் கயிறு மறுபடி கைக்கு எட்டும் தூரத்தில் ஆடியது. அக்கா கயிற்றுப் பக்கம் இருந்த வலது கையை வேண்டுமென்றே இன்னும் இறுக்கமாக உடம்போடு இழுத்து நீந்தினாள். நாற்பத்தைந்து. தண்ணீர் நகர்கிறதா தான் நகர்கிறோமா தெரியவில்லை. நாற்பத்தெட்டு. விரல் நுனியில் ஓடு இடித்தது.

தொட்டாச்சு! ஆனால் பிடித்து நிற்க முடியவில்லை. தண்ணீர் இறங்கியதில் ஓரம் உயரத்தில் இருந்தது. முதல் தடவை எட்டிப் பிடித்தவளுக்கு இப்போது அதற்குத் தெம்பில்லை. களைத்துப்போன கை, வழுக்கும் ஓட்டில் சறுக்கியது. விசில் விசிலைத் துப்பிவிட்டுப் பாயத் தயாரானான், இரண்டாவது சாதனைக்கு. அதற்குள் பாப்பா ஈரத் தரையில் குப்புறப் படுத்து, இடுப்பு வரை வெளியே தொங்கி, அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். "என் கால், யாராவது என் காலைப் பிடிங்க!" மேஸ்திரி ஓடிவந்து பாப்பாவின் கால்களைப் பிடித்து இருவரையும் மேலே இழுத்தார். இரண்டு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, தரையில் கிடந்து, பேச முடியாமல் சிரித்தார்கள். சிரிப்பிலேயே பாப்பாவுக்கு அழுகையும் வந்துவிட்டது. டீ குடித்த ஆட்கள் நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பாப்பாவின் சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். அப்பாவுக்குப் போன் செய்து, "அப்பா, ரெண்டு தடவை. நூறு மீட்டர்னு வெச்சுக்கோங்க" என்று சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் அவர் என்ன சொன்னாரோ, "நீங்களே வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பாப்பா ஈரச் சட்டை நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டாள். மூன்று நிறுத்தம் போனது. பிறகு, அம்மாவைப் பார்க்காமலேயே, யாரிடமோ சொல்வதுபோல, "அந்த ஒரு பாடத்துக்கு இன்னும் பணம் கட்ட முடியுமான்னு நாளைக்குக் காலேஜ்ல விசாரிக்கணும்" என்றாள்.

அக்காவின் நாக்கு நுனியில் நாற்பது வாக்கியம் வந்து வரிசை கட்டி நின்றது. அத்தனையும் நல்ல வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரு வகுப்பு எடுக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த இரண்டாவது ஐம்பது மீட்டரைவிட இது கஷ்டமாக இருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே?"

அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைத் தட்டினாள். "காதுல தண்ணி போயிருக்கு பாப்பா. நீ பேசுறது எனக்கு ஒண்ணும் கேக்கலை."